நம்பிக்கை வேறு, மதம் வேறு, ஆன்மிகம் வேறு

"எனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு, மதம்தான் பிடிக்காது" என்கிறார் ஒருவர். "நான் ஆன்மிகவாதி, மதவாதி இல்லை" என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர், "எல்லா மதமும் ஒன்றைத்தானே சொல்கிறது, எதற்கு இந்தச் சண்டை?" என்று கேட்டுப் பேச்சை முடித்துவைக்கப் பார்க்கிறார். மூவரும் ஒரே விஷயத்தைப் பேசுவது போலத்தான் இருக்கும். உண்மையில் ஆளுக்கொன்றைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

மத விவாதங்களில் பாதி இப்படித்தான் வீணாகிறது. ஒருவர் மத நிறுவனங்களின் ஊழலைச் சொல்லித் தாக்குவார். மற்றவர் தியானத்தில் கிடைத்த அமைதியைச் சொல்லிப் பதில் தருவார். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் ஒன்று மற்றதற்குப் பதில் ஆகாது. நம்பிக்கை, மதம், ஆன்மிகம் மூன்றையும் ஒருமுறை பிரித்து அடுக்கிப் பார்த்துவிட்டால் இந்தக் குழப்பம் பெருமளவு தீரும்.

முதலில் ஒரு கல்யாணம்

கல்யாண வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். "இவர் என்னைக் கைவிட மாட்டார்" என்று ஒருவர் இன்னொருவரைச் சார்ந்து நிற்கிறாரே, அது நம்பிக்கை. அதற்கு ருசு கேட்டால் எவராலும் காட்ட முடியாது. அதற்காக அது குருட்டுத்தனமும் ஆகாது. பழகிப் பார்த்து வந்தது. சடங்கு, பதிவு, இரு வீட்டு உறவுகள், பிள்ளைக்கு என்ன பெயர், சொத்து யாருக்கு என்ற ஏற்பாடுகள் எல்லாம் மதத்தின் இடத்தில் வருபவை. உள்ளுக்குள் ஓடும் நேசமும் அது ஆளை மெல்ல மாற்றிவிடும் விதமும் ஆன்மிகத்தின் இடத்தில் வரும்.

ஏற்பாடுகள் எல்லாம் பக்காவாக இருந்தும் வருஷக்கணக்கில் முகம் பார்த்துப் பேசாத தம்பதிகள் உண்டு. எந்தப் பதிவும் இல்லாமல் உயிருக்குயிராக இருப்பவர்களும் உண்டு. பெரும்பாலோருக்கு மூன்றும் கலந்தே கிடைக்கும். ஒன்று மற்றதைத் தாங்கும், சில சமயம் நெரிக்கவும் செய்யும். உவமை இதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும், இங்கேயே விடுவோம்.

நம்பிக்கை: ஏற்பும் சார்பும்

நம்பிக்கைக்குள்ளேயே இரண்டு இருக்கின்றன. "கடவுள் இருக்கிறார்", "மறுபிறவி உண்டு" என்பது போன்ற ஒரு கூற்றை உண்மை என்று ஒப்புக்கொள்வது ஒன்று. இதை ஏற்பு என்று வைத்துக்கொள்வோம். ஒருவரையோ ஒரு வழியையோ பற்றிக்கொண்டு வாழ்க்கையை நடத்துவது இன்னொன்று. இது சார்பு.

ஏற்பு எப்படி எழுத்தில் ஏறுகிறது என்பதற்குக் கிறிஸ்தவத்தில் தெளிவான உதாரணம் இருக்கிறது. அலெக்சாண்டிரியாவில் ஆரியுஸ் என்ற குரு, இறைமகன் தந்தையால் படைக்கப்பட்டவர் என்று போதித்துவந்தார். சர்ச்சை முற்றி, 325-ல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஆயர்களை நிசேயாவில் கூட்டினார். இன்று அந்த ஊர் துருக்கியில் இஸ்னிக் என்ற பெயரில் இருக்கிறது. மகனும் தந்தையும் ஒரே இயல்புடையவர்கள் என்று அந்தச் சங்கம் முடிவுசெய்து எழுதிவைத்தது. 381-ல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் விரிந்த வடிவத்தைத்தான் இன்றும் பல திருச்சபைகள் வழிபாட்டில் சொல்கின்றன. இப்படி "இன்னின்னவற்றை நம்புகிறோம்" என்று தொகுத்துவைத்த வாசகத்துக்கு விசுவாசப் பிரமாணம் என்று பெயர்.

கிறிஸ்தவம் உலகெங்கும் பரவியதாலோ என்னவோ, எல்லா மதத்துக்கும் இப்படி ஒரு பட்டியல் இருந்தே தீரும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். எந்த மதத்தைப் பற்றிக் கேட்டாலும் முதல் கேள்வி, "அவர்கள் எதை நம்புகிறார்கள்?" என்பதுதான். சில மதங்களுக்கு அந்தக் கேள்வி பொருந்தும். சிலவற்றுக்கு அது வாசலையே தவறவிட்டுவிடும்.

அதற்குள் போகும் முன் சந்தேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சந்தேகம் வந்தால் நம்பிக்கை போய்விட்டது என்று பலர் பயப்படுகிறார்கள். ஏற்பு ஆட்டம் காணும்போதும் சார்பு நிலைத்திருக்கலாம் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. அன்னை தெரசா தம் ஆன்மிக வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்கள், அவர் இறந்து பத்து ஆண்டுகள் கழித்து 2007-ல் நூலாக வெளிவந்தன. அவற்றை அழித்துவிடும்படி அவர் கேட்டிருந்தார். கல்கத்தாவில் பணி தொடங்கிய காலத்திலிருந்து பல பத்தாண்டுகள், ஜெபித்தால் எதிரே யாருமே இல்லாதது போன்ற வறட்சியும் இருட்டும் தமக்குள் இருப்பதாக எழுதியிருந்தார். பத்திரிகைகள் "தெரசாவுக்கே நம்பிக்கை இல்லையா?" என்று அதிர்ந்தன. ஆனால் அத்தனை ஆண்டும் அவர் ஜெபத்தையும் விடவில்லை, பணியையும் விடவில்லை. திருச்சபை அந்தக் கடிதங்களை அவருக்கு எதிரான சாட்சியாகவும் எடுத்துக்கொள்ளவில்லை. 2016-ல் அவரைப் புனிதராக அறிவித்தது.

மாற்கு நற்செய்தியில் நோயுற்ற மகனைக் கொண்டுவரும் ஒரு தகப்பன், தாம் நம்புவதாகவும் தம் நம்பிக்கையின்மை நீங்க உதவ வேண்டும் என்றும் ஒரே மூச்சில் சொல்கிறான். ஏற்பு பாதி, சார்பு முழுசு. மகன் குணமாகிறான்.

மதம்: கடவுள் இல்லாமலும் நடக்கும்

மதம் என்றால் கடவுள் நம்பிக்கை என்பதுதான் இந்த விஷயத்தில் மிகப் பரவலான தவறான கருத்து. சமணத்தில் உலகைப் படைத்த கடவுள் கிடையாது. உலகம் தொடக்கமற்றது, 24 தீர்த்தங்கரர்கள் வணங்கப்படுவது, வினையை வென்று வழிகாட்டியவர்கள் என்பதால். பௌத்தத்தில் தேவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களும் பிறந்து இறப்பவர்களே. விடுதலை தருவது அவர்கள் கையில் இல்லை.

இதைவிட வியப்பானது பூர்வ மீமாம்சை. வேத வேள்விகளை அணுவளவும் பிசகாமல் செய்ய வேண்டும் என்று வாதிட்ட வைதிகப் பள்ளி அது. அதன் பெரிய ஆசிரியர்களில் ஒருவரான குமாரில பட்டர், உலகைப் படைத்த கடவுள் ஒருவர் இருக்க வேண்டும் என்ற வாதத்தை வரிந்துகட்டிக்கொண்டு மறுத்தார். வேதம் யாராலும் இயற்றப்படாதது, வேள்வி தன் ஆற்றலாலேயே பலன் தரும், நடுவில் படைத்தவர் எதற்கு என்பது அவர்கள் கட்சி. சடங்கில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. படைப்புக் கடவுள் என்ற பேச்சில் அவர்கள் நாத்திகரோடு உட்கார்ந்திருப்பார்கள். "ஆத்திகனா, நாத்திகனா?" என்ற ஒற்றைக் கேள்வியை வைத்துக்கொண்டு இவர்களை எந்தப் பெட்டியில் போடுவது?

அப்படியானால் மதம் என்பது என்ன? அறிஞர்கள் இதற்கு ஏகப்பட்ட வரையறை தந்திருக்கிறார்கள், எதுவும் எல்லோருக்கும் ஒத்துவரவில்லை. ஆரம்பத்துக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்: புனிதம் என்று கருதுவதை நடுவில் வைத்து, ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் கருத்து, செயல், உறவு ஆகியவற்றின் கட்டு. கருத்து என்றால் ஏற்க வேண்டியவை. செயல் என்றால் வழிபாடு, நோன்பு, உணவு விதி. உறவு என்றால் "நான் இவர்களில் ஒருவன்" என்ற உணர்வு. மூன்றும் எல்லா மதத்திலும் உண்டு, ஆனால் எடை எதன் மேல் விழுகிறது என்பது மதத்துக்கு மதம் மாறும்.

யூத மரபில் எடை செயலின் மேல் விழுகிறது. யூதர்களின் வேதநூலான தோராவில் 613 கட்டளைகள் என்பது அவர்கள் மரபுக் கணக்கு. ஓய்வுநாளான சப்பத்தில், அதாவது வெள்ளி மாலை சூரியன் மறைவதிலிருந்து சனி இரவு வரை, 39 வகை வேலைகள் கூடாது. நெருப்பு மூட்டுவது அதில் ஒன்று. மின்சாரச் சுவிட்சைத் தட்டுவதும் கூடாது என்று கட்டுப்பாடாகப் பின்பற்றுவோர் எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் இஸ்ரேலில் பல அடுக்குமாடிகளிலும் மருத்துவமனைகளிலும் சப்பத் லிப்ட் இருக்கும். ஒவ்வொரு மாடியிலும் அதுவாக நிற்கும், கதவு திறக்கும், மூடும், மேலே போகும். யாரும் பட்டனைத் தொட வேண்டியதில்லை. வெளியாள் இதைப் பார்த்து, "லிப்ட் பட்டனிலா கடவுள் இருக்கிறார்?" என்று சிரிக்கக்கூடும். உள்ளே இருப்பவருக்கு விஷயம் பட்டன் அல்ல. வாரத்தில் ஒரு நாள் உலகத்தைத் தன் இஷ்டத்துக்கு வளைக்காமல் விட்டுவைப்பது. 12-ஆம் நூற்றாண்டில் மைமோனிடஸ் யூத நம்பிக்கையை 13 கொள்கைகளாகத் தொகுத்தபோது, அந்தப் பட்டியலைப் பற்றிப் பின்வந்த யூத அறிஞர்கள் நூற்றாண்டுக்கணக்கில் விவாதித்தார்கள். சப்பத்தை அனுசரிக்க வேண்டுமா என்று அவர்களுக்குள் அப்படி ஒரு விவாதம் நடக்கவில்லை.

ஜப்பானில் எடை வேறு மாதிரி. உங்கள் மதம் என்ன என்று கேட்டால், மதம் எதுவும் இல்லை என்று சொல்பவர்கள் அங்கே ஏராளம். அவர்களேதான் புத்தாண்டில் ஜப்பானின் மரபு மதமான ஷிண்டோவின் ஆலயத்தில் கூட்டத்தோடு நின்று கும்பிடுவார்கள், பிள்ளை பிறந்தால் அங்கே எடுத்துப்போவார்கள், வீட்டில் ஒருவர் இறந்தால் பௌத்த முறைப்படி காரியம் செய்வார்கள். ஷிண்டோ ஆலயங்களும் பௌத்த மடங்களும் தத்தம் உறுப்பினர் எண்ணிக்கையை அரசுக்குத் தருகின்றன. கூட்டிப் பார்த்தால் தொகை நாட்டின் மக்கள்தொகையைத் தாண்டிவிடும்! ஒரே குடும்பம் இரண்டு கணக்கிலும் வருகிறது, யாருக்கும் அது முரணாகப் படவில்லை.

டென்மார்க்கில் பத்தில் ஏறக்குறைய ஏழு பேர் தேசியத் திருச்சபையின் உறுப்பினர்கள். அதற்காகத் தனி வரியும் கட்டுகிறார்கள். ஞாயிறு வழிபாட்டில் இருக்கைகள் காலியாகத்தான் கிடக்கும். அங்கே கட்டிப்பிடித்து வைத்திருப்பது உறவு.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: நம்பிக்கைக்குள் ஏற்பும் சார்பும் இருக்கின்றன, மதத்துக்குள் கருத்தும் செயலும் உறவும் இருக்கின்றன. ஒரு மதத்தின் அளவுகோலை எடுத்துக்கொண்டு போய் இன்னொன்றை அளந்தால், இரண்டாவது எப்போதும் குறைபாடுள்ளதாகவே தெரியும். "அவர்களுக்கு ஒரு வேதநூல்கூட இல்லை" என்பதும் "அவர்களுக்குச் சடங்கே தெரியாது" என்பதும் இந்தத் தவறான அளவையில் பிறந்தவைதான்.

ஆன்மிகம்: தெரிவதற்கும் ஆவதற்கும் நடுவில்

ஆன்மிகம் என்றதும் மலைச்சாரல், கண்மூடிய முகம், புல்லாங்குழல் இசை என்று ஒரு படம் வந்துவிடுகிறது. விளம்பரங்களின் புண்ணியம். எளிமையாகச் சொன்னால் ஆன்மிகம் ஒரு பயிற்சி. புனிதம் என்று கருதுவதோடு ஒருவருக்கு உள்ள உறவு, அவரை உள்ளிருந்து மாற்றும்படி விடுவது. ஆகவே அது உணர்ச்சிவசப்படுவது மட்டும் அல்ல. பல நாள் எந்த உணர்ச்சியும் வராமல் போகும், தெரசாவுக்குப் போல.

இமாம் கஸ்ஸாலி (1058–1111) இந்த இடைவெளியைத் தம் வாழ்க்கையாலேயே காட்டிவிட்டுப் போனவர். பாக்தாத் நிஜாமிய்யா கல்விக்கூடத்தின் தலைமைப் பேராசிரியர். அன்றைய இஸ்லாமிய உலகில் அறிஞர் ஒருவர் எட்டக்கூடிய உச்சிப் பதவி. இஸ்லாமிய உள்நெறியாளர்களான சூஃபிகளின் நூல்களையெல்லாம் படித்து முடித்தபோது அவருக்கு ஒன்று உறைத்தது. ஆரோக்கியம் என்றால் என்ன என்று விளக்கத் தெரிவது வேறு, ஆரோக்கியமாக இருப்பது வேறு. நோயில் படுத்திருக்கும் வைத்தியருக்கு ஆரோக்கியத்தின் இலக்கணம் எல்லாம் தெரியும், ஆரோக்கியம்தான் இல்லை. தாம் போதிப்பது இறைவனுக்காகவா, புகழுக்காகவா என்று தம்மையே கேட்டுக்கொண்டார். கிடைத்த பதில் பிடிக்கவில்லை. போகலாம் என்று ஒரு நாள், இருக்கலாம் என்று ஒரு நாள், இப்படியே மாதங்கள் ஓடின. ஒரு கட்டத்தில் மாணவர்கள் முன் உட்கார்ந்தால் நாக்கு எழவில்லை, ஒரு வார்த்தை வரவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை. வைத்தியர்கள், இது உள்ளத்தில் வந்தது, மருந்தால் தீராது என்று கைவிட்டார்கள். 1095-ல் பதவியை விட்டு, சொத்தைப் பகிர்ந்து கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். மீண்டும் பாடம் சொல்லித்தர நிஷாபூரில் உட்கார்ந்தது 1106-ல்.

கஸ்ஸாலி மார்க்கத்தை விட்டுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். தொழுகையும் நோன்பும் அப்படியே இருந்தன. அவற்றுக்குள் ஆழம்தான் தேடினார். இந்தப் பிரிவினை இஸ்லாமிய மரபுக்குப் புதிதும் இல்லை. வானவர் ஜிப்ரீல் மனித உருவில் வந்து நபிகளிடம் கேள்வி கேட்டதாக ஒரு புகழ்பெற்ற நபிமொழி உண்டு. இஸ்லாம் என்றால் என்ன என்ற கேள்விக்கு விடையாக வருவது ஐந்து கடமைகள்: கலிமா என்ற நம்பிக்கை உறுதிமொழி, தொழுகை, ஜகாத் என்ற கட்டாயக் கொடை, நோன்பு, ஹஜ். ஈமான் என்றால் என்ன என்பதற்கு விடை, இறைவன், வானவர்கள், வேதங்கள், தூதர்கள், இறுதிநாள், விதி ஆகியவற்றை நம்புவது. மூன்றாவது கேள்வி இஹ்ஸான் பற்றியது. இறைவனை நேரில் பார்ப்பது போல வணங்குவது. நீ அவனைப் பார்க்காவிட்டாலும் அவன் உன்னைப் பார்க்கிறான் என்பது விடை. செயல், ஏற்பு, உள்ளாழம் மூன்றும் ஒரே உரையாடலில் வரிசையாக வந்துவிடுகின்றன. ஆன்மிகம் மதத்துக்கு எதிரி என்று பேசுபவர்கள் இதைப் படித்துப் பார்க்கலாம்.

ஒருவரின் அனுபவம் எப்படி மதமாகிறது?

"ஆன்மிகம் சுத்தமானது, மதம்தான் அதைக் கெடுத்தது" என்பது இன்னொரு வழக்கமான பேச்சு. கெடுத்த சந்தர்ப்பங்களுக்குக் குறைவில்லை. ஆனால் மதம் ஏன் உருவாகிறது என்று பார்த்தால், அது ஏதோ சதித்திட்டம் போலத் தெரியாது.

குருநானக் (1469–1539) ஆற்றில் குளிக்கப் போய் மூன்று நாள் காணாமல்போனதாகவும், திரும்பி வந்ததும் இந்துவும் இல்லை, முஸ்லிமும் இல்லை என்று சொன்னதாகவும் சீக்கிய மரபு சொல்கிறது. தொடக்கம் ஒரு மனிதரின் அனுபவமும் அவர் பாடிய பாடல்களும்தான். ஆட்கள் சேர்ந்தார்கள். சேர்ந்தவர்களுக்குப் பசிக்குமே, சாதி பாராமல் வரிசையாக உட்கார வைத்துச் சோறு போடும் லங்கர் வந்தது. குருவுக்குப் பிறகு யார் என்ற கேள்வி வந்தது. ஒருவர்பின் ஒருவராகக் குருமார் வந்தார்கள். பாடல்களில் போலிகள் கலந்துவிடுமோ என்ற கவலை வந்தது. ஐந்தாம் குரு அர்ஜன் 1604-ல் தொகுத்தார், அதில் கபீர், ரவிதாஸ், ஷேக் ஃபரீத் பாடல்களையும் சேர்த்தார். 1606-ல் அவர் ஜஹாங்கீர் ஆட்சியில் கொல்லப்பட்டார். சமூகம் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1699-ல் குரு கோவிந்த் சிங் தீட்சை பெற்ற சீக்கியர்களின் சமூகமான கால்சாவை நிறுவியபோது வெட்டாத முடி, சீப்பு, இரும்பு வளை, அரைக்கால்சட்டை, கிர்பான் என்ற குறுவாள் என்று ஐந்து அடையாளங்கள் வந்தன. 1708-ல் மனிதக் குருமார் வரிசை முடிந்து, நூலே குரு ஆனது.

ஒவ்வொரு படியும் ஒரு நடைமுறைச் சிக்கலுக்கான பதில். யாருக்குச் சோறு, யார் தலைமை, எது உண்மையான பாடல், யார் நம்மவர்? இதற்கு நிறுவனமாதல் என்று பெயர் வைக்கலாம். இது நடக்காத அனுபவங்கள் பெரும்பாலும் அந்த மனிதரோடு மண்ணோடு மண்ணாகப் போயிருக்கும். நமக்கு அவற்றின் பெயர்கூடத் தெரியாது. நடந்துவிட்டாலோ கட்டடம், பணம், பதவி எல்லாம் பின்னாலேயே வரும். அப்போதுதான் "நட்ட கல்லும் பேசுமோ?" என்று கேட்க ஒரு சிவவாக்கியர் தேவைப்படுகிறார்.

தலைகீழ்ப் பயணமும் உண்டு. 1979-ல் ஜான் கபாட்-ஜின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், தீராத வலியோடு வந்தவர்களுக்குப் பௌத்தத் தியானத்தைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். புத்தர் சிலை இல்லை, சரணாகதி இல்லை, மறுபிறவிப் பேச்சு இல்லை. எட்டு வார வகுப்பு, அவ்வளவுதான். பலருக்குப் பயன்பட்டது, உலகெங்கும் பரவியது. கூடவே வந்திருக்க வேண்டிய ஒழுக்க விதிகளும் சங்கம் என்ற கூட்டுறவும் பின்தங்கிவிட்டன என்று பௌத்தர்கள் சிலர் குறைப்படுகிறார்கள். எனக்கு அதில் நியாயம் தெரிகிறது. தனியாக ஆன்மிகம் செய்பவருக்கு, "நீ செய்வது தப்பு" என்று சொல்ல எதிரே ஆள் இல்லை. தனக்குப் பிடித்ததை மட்டும் பொறுக்கிக்கொண்டு அதற்கு உள்ளுணர்வு என்று பெயர் வைத்துக்கொள்வது ரொம்பச் சுலபம். வலியால் துடிப்பவரிடம் போய் முதலில் திரிசரணம், அதாவது புத்தரையும் அவர் தம்மத்தையும் சங்கத்தையும் சரணடையும் வாசகம், சொல் என்று கேட்க முடியாது என்பதும் சரிதான்.

சரி, எல்லாம் ஒன்றைத்தான் சொல்கின்றனவா?

இந்தக் கேள்விக்கு, கருவிகள் பல இடங்களில் ஒன்றாக இருக்கின்றன, போய்ச் சேரும் இடம் ஒன்று என்று அவசரப்பட்டுச் சொல்ல முடியாது என்பதுதான் என் பதில்.

கருவி என்று நான் சொல்வது மௌனம், உபவாசம், மூச்சு, திருப்பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வது போன்றவை. கிரேக்கத்தின் அதோஸ் மலைத் துறவிகள் இயேசுவின் பெயரைச் சொல்லி, பாவியான என்மேல் இரங்கும் என்ற சிறு ஜெபத்தை மூச்சோடு இணைத்து ஓயாமல் சொல்வார்கள். சூஃபிகளுக்கு திக்ரு. வைணவ, சைவ மரபுகளில் நாமஜெபம். ஜப்பானியத் தூயநில பௌத்தத்தில் அமிதாப புத்தரின் பெயர். தூரத்திலிருந்து பார்த்தால் நான்கும் ஒன்றே போல இருக்கும்.

கிட்டே போனால் மாறுகிறது. அதோஸ் துறவி ஒரு கடவுளிடம் இரக்கம் கேட்கிறார். தூயநில மரபின் ஷின்ரான் (1173–1263), பெயரைச் சொல்வது உன் முயற்சியே அல்ல என்றார். அமிதாபர் ஏற்கெனவே உன்னைக் காப்பாற்ற உறுதிபூண்டுவிட்டார், நீ சொல்வது நன்றி மட்டும் என்பது அவர் போதனை. அத்வைதியின் ஜெபம் மனத்தை ஒருமுகமாக்கி, சொல்பவனும் சொல்லப்படுபவனும் இரண்டல்ல என்ற அறிவுக்கு அவனைத் தயார்ப்படுத்த வேண்டும். விசிஷ்டாத்வைதிக்கு அடியவனும் ஆண்டவனும் என்றும் இருவர். ஒன்றாகக் கரைந்துவிட்டால் அன்பு செய்ய யார் மிச்சம்? இவர்களை உட்காரவைத்து "நீங்கள் எல்லோரும் ஒன்றைத்தான் சொல்கிறீர்கள்" என்றால், மரியாதை என்று நினைத்துச் சொன்னது அவமரியாதையாகிவிடும். உயிரைக் கொடுத்து அவர்கள் வாதிட்ட வேறுபாட்டை ஒரு வரியில் துடைத்துவிட்டோமே.

வேறுபாட்டை வைத்துக்கொண்டே ஒன்றுகூட முடியுமா என்பதற்கு 1986 அக்டோபர் 27 நல்ல உதாரணம். போப் இரண்டாம் ஜான் பால் அழைத்து, இத்தாலியின் அசிசி நகரில் பல மதத் தலைவர்கள் அமைதிக்காகக் கூடினார்கள். எல்லோரும் சேர்ந்து ஒரு பொதுப் பிரார்த்தனை செய்யப்போவதில்லை, பிரார்த்தனை செய்வதற்காகச் சேர்ந்திருக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே விளக்கிவிட்டார்கள். அதன்படி ஒவ்வொரு மரபினரும் நகரில் தனித்தனி இடங்களில் தங்கள் முறைப்படி வழிபட்டார்கள். பிறகு ஓரிடத்தில் கூடி, ஒருவர்பின் ஒருவராகத் தங்கள் பிரார்த்தனையைச் சொன்னார்கள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு பார்த்துப் பார்த்து ஏற்பாடு செய்தும் எதிர்ப்பு வந்தது. இது எல்லா மதமும் ஒன்று என்று சொல்வதாகிவிடும் என்று கத்தோலிக்கப் பேராயர் லெஃபெவ்ர் பகிரங்கமாகக் கண்டித்தார். அழைப்பை ஏற்று வந்தவர்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை.